தூக்கிச் சுமக்கும் கைகளுக்குத் துணை



இம்முறை பாடத்திற்கு, மூளை முடக்குவாதமுள்ள சிறு பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களின் தேவைகளை எடுத்துக்கொள்கிறோம். இப்பிள்ளைகளுக்கென்று காணிக்கை அனுப்ப விரும்பும் பலர் முதலில் நினைப்பது சக்கர நாற்காலியைத்தான். நாற்காலி தேவைதான். ஆனால் அதற்கு முன்பே வேண்டிய உதவிகள் உண்டு. அவை பிள்ளையை அன்றாடம் தூக்கிச் சுமக்கும் தாய்க்கு வேண்டியவை.

1. நோயை அறிந்துகொள்வோம்

வளரும் மூளையில், பிறக்குமுன்போ, பிரசவ வேளையிலோ, பிறந்த சிறிது காலத்திலோ நேரிடும் பாதிப்பினால் இது உண்டாகிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861-லேயே கடினமான பிரசவத்திற்கும் கைகால் விறைப்புக்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்தார். குறைமாதப் பிறப்பு, பிறக்கையில் மூச்சுத் திணறல், பச்சிளங்குழந்தைக்கு வரும் கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை முக்கியக் காரணங்கள். இது ஒட்டுவாரொட்டி அல்ல. மூளையின் பாதிப்பு நாளுக்கு நாள் பெருகுவதுமில்லை. ஆனால் பயிற்சியில்லாமல் விட்டால் தசைகள் இறுகி, மூட்டுகள் மடங்கிப்போகும்.

இப்பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அறிவு வளர்ச்சியில் குறையில்லை. வாய் பேசவில்லை என்பதால் ஒன்றும் புரியாது என்று எண்ணிவிடக்கூடாது. பிள்ளைக்கு முன்பாகவே அதைப் பற்றி இரக்கப்பட்டுப் பேசுகிறோமே, அதுவும் அதன் காதில் விழுகிறது.

2. பழியை நீக்குவோம்

கிரகண வேளையில் வெளியே வந்தாள், முன்னோர் செய்த பாவம், மருமகள் வந்த ராசி என்று ஊரார் சொல்லுவது தாயின் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் யார் செய்த பாவம் என்றுதான் கேட்டார்கள். ஆண்டவரோ அவனையும் குற்றப்படுத்தவில்லை, அவன் பெற்றோரையும் குற்றப்படுத்தவில்லை (யோவான் 9). அந்த வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்கள் இதை முதலில் சொல்லவேண்டும். விசுவாசம் குறைவாயிருப்பதால்தான் பிள்ளை நடக்கவில்லை என்று ஒருவரும் சொல்லவே கூடாது. அது பழைய பழியின்மேல் புதிய பழியை ஏற்றுவதாகும்.

3. சீக்கிரமாய்க் கண்டறிவோம்

நான்கு மாதமாகியும் தலை நிற்காமை, ஒன்பது மாதமாகியும் தானாக உட்காராமை, எப்போதும் மூடிய கைவிரல்கள், கத்தரிபோல் பின்னிக்கொள்ளும் கால்கள், ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மாத்திரம் உபயோகித்தல் ஆகியவை கவனிக்கவேண்டிய அடையாளங்கள். “பையன்கள் மெதுவாகத்தான் நடப்பார்கள்” என்று காத்திருந்தால் மூளை வேகமாய்ப் பழகிக்கொள்ளும் காலம் வீணாகிறது. கிராம சுகாதார செவிலியரிடமோ குழந்தை மருத்துவரிடமோ தாமதமின்றிக் காட்டவேண்டும்.

4. வீடே சிகிச்சைக்கூடம்

வாரத்தில் அரைமணி நேரம் பிசியோதெரபி கிடைத்தாலும், மற்ற நேரமெல்லாம் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. ஆகையால் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூக்குவது எல்லாமே சிகிச்சையாக மாறவேண்டும். படுக்கவைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாதபடி தாங்கி, குழைந்த உணவைச் சிறிது சிறிதாக ஊட்டவேண்டும். வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. சுவர் மூலையில் சார்ந்து உட்காரத்தக்க ஒரு மர இருக்கையை ஊர்த் தச்சரே செய்து தரலாம். அதன் அளவைத் தெரபிஸ்ட் சொல்லவேண்டும்.

இப்படி வீடு தேடிச் செல்லும் பணிக்கு நம் தென்பகுதியிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் கிராமப் பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று, பெற்றோருக்கே பயிற்சி தருகிறார்கள். பிள்ளையோடு குடும்பத்தையும் கவனிப்பது அப்பணியின் சிறப்பு.

5. ஒருநாள் கூலியை நினைப்போம்

வ. புதுப்பட்டியிலிருந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ ஒரு தாய் சிகிச்சைக்குப் புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் அன்றைய களையெடுப்புக் கூலி, அல்லது மில்லில் ஒரு ஷிப்டு, போய்விடுகிறது. வாரத்துக்கு ஒருநாள் என்றால் மாதத்தில் நாலு நாள் வருமானம் இல்லை. பல வீடுகளில் சிகிச்சை பாதியில் நின்றுபோவது இதனால்தான்; அன்பு குறைந்ததினால் அல்ல.

அரசு உதவிகள் உண்டு. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நோயும் இடம்பெற்றுள்ளது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான மாநில அரசின் மாதாந்தர பராமரிப்பு உதவித்தொகை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. ஆனால் மருத்துவச் சான்று, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அலையவேண்டும். படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் கூடப் போனால் அதுவே பெரிய உபகாரம்.

6. நாம் செய்யக்கூடியது

திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு சுமந்து வந்தவர்கள் நாலுபேர் (மாற்கு 2). இன்று அந்தக் கட்டிலை ஒரு தாய் தனியாகச் சுமக்கிறாள். பிள்ளை வளர வளர அவள் முதுகு தேய்கிறது. இரவில் தூக்கமில்லை. மூத்த பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர நேரமில்லை. கலியாணம், ஆலயம் எங்கும் போவதற்கில்லை.

ஒவ்வொரு சபையும் ஒரு குடும்பத்துக்கு நாலுபேராய் நிற்கலாம். ஒருவர் சிகிச்சை நாளின் கூலியை ஈடுசெய்யலாம். ஒருவர் அலுவலகங்களுக்குத் துணை போகலாம். ஒருவர் ஊட்டும் முறையைக் கற்றுக்கொண்டு, வாரத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, தாயை ஓய்வெடுக்க அனுப்பலாம். ஒருவர் ஞாயிறுதோறும் பிள்ளையை ஆலயத்துக்குத் தூக்கி வரலாம். ஆராதனையில் அது சத்தமிட்டால் திரும்பிப் பார்க்காதிருப்பது மற்ற எல்லாருடைய பங்கு.

உங்கள் தெருவில் அப்படிப்பட்ட வீடு எது என்று இந்த வாரமே விசாரியுங்கள். காணிக்கையோடு உங்கள் கைகளும் அங்கே போகட்டும். தேவன் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைக் குருவானவர்