நெறியின்மை: கேட்க ஆளில்லாத சமுதாயம்



"இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒழுக்கமே இல்ல!" கோயில்லயும் கல்யாண வீட்டுலயும் நாம அடிக்கடி கேட்கிற பேச்சு இது. உண்மையிலேயே நாம் கெட்டுப்போய்விட்டோமா? சமூகவியல் இதற்கு வேறொரு விளக்கம் தருகிறது.

அனோமி என்றால் என்ன?

பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் டர்க்கைம் 1893-லும் 1897-லும் வெளிவந்த தம் நூல்களில் 'அனோமி' என்ற சொல்லைக் கையாண்டார். தமிழில் நெறியின்மை எனலாம். சமூகம் வேகமாக மாறும்போது பழைய நெறிகளின் பிடி தளர்ந்துவிடும். புதியவை இன்னும் உருவாகியிருக்காது. எது போதும், எது கூடாது என்று தெரியாத நிலை அது. திடீர் நஷ்டத்தில் மட்டுமல்ல, திடீர் செழிப்பிலும் இது வரும் என்றார் அவர்.

1938-ல் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். பணம்தான் வெற்றி என்று சமூகம் எல்லாருக்கும் சொல்லுது; ஆனா நேர்வழியில் சம்பாதிக்கும் வாய்ப்பை எல்லாருக்கும் கொடுக்கிறதில்லை. அங்கேதான் சிலர் குறுக்குவழி தேடுகிறார்கள். நம் மரபும் பொருளை வேண்டாம் என்று சொல்லவில்லை. அறம், பொருள், இன்பம் என்ற வரிசையில் அறத்தை முன்னால் வைத்தது, அவ்வளவுதான்.

நம் கதை

தோட்டப்புறத்தில் லயத்து வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் கூப்பிடு தூரம். ஒரு பையன் பள்ளிக்கு மட்டம் போட்டால் சாயங்காலத்துக்குள் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். தோட்டம் ஒன்றும் சொர்க்கம் இல்லை. குறைந்த கூலி, கள்ளுக்கடை, சாதிப் பாகுபாடு எல்லாம் இருந்தன. ஆனாலும் கேட்க ஆள் இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் நகரத்துக்கு வந்தன. பலருக்கு அடுக்குமாடி வீடு, பெற்றோர் இருவருக்கும் ஷிப்ட் வேலை, பெயர் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர். பழைய நெறியை யாரும் தூக்கி எறியவில்லை. அதைக் காத்துவந்த மனிதர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிப்போனார்கள்.

அந்தக் காலி இடத்தில்தான் குண்டர் கும்பல் நுழைகிறது. அங்கேயும் ஓர் 'அண்ணன்' உண்டு, விதி உண்டு, "சாப்பிட்டியாடா?" என்று கேட்க ஆள் உண்டு. பையன் போவது பணத்துக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

என்ன செய்யலாம்?

டர்க்கைம் சொன்ன மருந்து அறிவுரை அல்ல. தனிமனிதனுக்கும் அரசுக்கும் நடுவில் தொழில்வழிக் குழுக்கள் வேண்டும் என்றார். நம் கிளைகளும் அப்படியொரு நடுக்குழுவாக இருக்க முடியும். தேவார வகுப்பு, டியூஷன், கோத்தோங் ரோயோங் எல்லாம் ஏற்கெனவே செய்கிறோம். அதோடு ஒன்று சேர்க்கணும்: மூன்று வாரம் வராதவனை யாராவது வீடு தேடிப் போய்ப் பார்க்கணும். திட்டுவதற்கு அல்ல, விசாரிப்பதற்கு.

கலந்துரையாடுவோம்

1. உங்கள் கிளைக்கு வருவதை நிறுத்திய ஒருவரை நினைத்துப் பாருங்கள். கடைசியாக அவரைத் தேடிப் போனது யார்?
2. வெற்றி என்று நம் வீடுகளில் எதைச் சொல்லி வளர்க்கிறோம்?
3. தோட்ட வாழ்க்கையில் எதை மீட்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும்?