பற்றரி கழற்றும்போது மைனஸ் முதலில்



நம் லயத்துப் பிள்ளைகள் பலர் இன்று ஓட்டோ, வேன், லொறி ஓட்டிப் பிழைக்கிறார்கள். கல்முனைப் பக்கம் போய் வருகிறவர்களும் இருப்பார்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லாம் கடலோர ஊர்கள். அங்குள்ள உப்புக்காற்றும், பற்றரியில் கசியும் அசிட்டும் சேர்ந்து வயர் முனைகளில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்துவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. உடனே ஸ்பானரை எடுத்து ஏதோ ஒரு வயரைக் கழற்றக் கூடாது. அதற்கு ஒழுங்கு உண்டு.

ஏன் மைனஸ் முதலில்?

மைனஸ் வயர் வண்டியின் பொடியில் பூட்டியிருக்கும். ஆகவே வண்டியின் இரும்பு முழுவதும் மைனஸ்தான். அதைக் கழற்றாமல் பிளஸ் நட்டைத் திருகும்போது ஸ்பானரின் மறுமுனை பொடியில் பட்டால் ஷோர்ட் ஆகும். "12 வோல்ட்தானே, ஷொக் அடிக்காது" என்று சொல்வாங்க. ஷொக் அடிக்காதுதான். ஆனால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். ஸ்பானர் பழுக்கும், மோதிரம் போட்ட விரல் வெந்துபோகும். சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து ஹைட்ரஜன் வாயுவும் வரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு அது இருந்தாலே ஒரு பொறி போதும், தீப்பிடிக்கும். பற்றரி வெடித்தால் உள்ளே இருக்கும் கந்தக அமிலம் கண்ணில் தெறிக்கும்.

மைனஸை முதலில் கழற்றிவிட்டால், பிறகு ஸ்பானர் பொடியில் பட்டாலும் ஷோர்ட் ஆகாது.

செய்யும் முறை

1. என்ஜினை நிறுத்தி, சாவியை எடுங்கள். லைட், ரேடியோவையும் நிறுத்துங்கள்.
2. மோதிரம், கைக்கடிகாரம், காப்பு கழற்றுங்கள். பீடி, சிகரட் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.
3. மைனஸ் (–) அடையாளத்தைப் பாருங்கள். வயரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.
4. சரியான ஸ்பானரால் நட்டைத் தளர்த்தி, மெதுவாக அசைத்து எடுங்கள். சுத்தியலால் தட்டாதீர்கள்.
5. வயர் திரும்பவும் முனையில் படாதபடி துணி சுற்றி ஒதுக்குங்கள். அதன் பிறகுதான் பிளஸ்.
6. பூட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

பூத்திருப்பதை அப்பச்சோடா கலந்த தண்ணீரால் கழுவலாம். அது பற்றரிக்குள் போகக் கூடாது. பூட்டியபின் கொஞ்சம் வஸ்லீன் பூசுங்கள். அசிட் கண்ணில் பட்டால் தண்ணீரால் 15 நிமிடமாவது கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கவனிக்க வேண்டியவை

பழைய மொரிஸ் மைனர் போன்ற கார்களில் பிளஸ் வயரே பொடியில் பூட்டியிருக்கும். அதில் பிளஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும். எந்த வண்டியானாலும் பொடியில் பூட்டிய வயர் முதலில் என்பதே விதி. ஹைபிரிட் வண்டியில் செம்மஞ்சள் வயர்களைத் தொடவே வேண்டாம், பழகிய பாஸிடம் விடுங்கள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் கல்முனைக் கரையோர ஊர்களுக்குள் கடல் புகுந்தது. கடல்நீர் ஏறிய வண்டி காய்ந்த பிறகும் ஷோர்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல், பாஸை அழைத்துப் பற்றரியைக் கழற்றச் சொல்லுங்கள்.

லீசிங் கட்டி ஓட்டும் வண்டி நமக்குச் சோறு போடுகிறது. அதை ஓட்டுகிற கையும் கண்ணும் அதைவிடப் பெரிது. வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளை இருந்தால், "கழற்றும்போது எது முதலில்? பூட்டும்போது எது கடைசியில்?" என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.