புகையும் ஒரு விறகே!

அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று அந்நாளில் கேட்டார்களாம். ஊதாமலே எரியும் ஓர் அடுப்பைச் செய்வதற்கு எவ்வளவு படிப்பு வேண்டும் என்பதை இவ்வாண்டு நாங்கள் ஐவரும் அறிந்துகொண்டோம்.

பள்ளி விட்டு வீடு திரும்பும் வழியில், பட்டினப்பாக்கம் கடற்கரை அருகே வேர்க்கடலை அவித்து விற்கும் பாட்டி ஒருவரை நாங்கள் நாள்தோறும் காண்போம். மூன்று கற்களைக் கூட்டி, சவுக்கு விறகை எரித்துக் கடலை அவிப்பார். வீட்டில் எரிவாயு அடுப்பு இருந்தாலும், வியாபாரத்துக்கு அது கட்டுப்படியாகாது என்பார். புகை எழும்போதெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருமுவார். அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஆசிரியை கேட்டபோது, எங்களுக்கு அந்த இருமல்தான் நினைவுக்கு வந்தது.

புகை என்பது என்ன?

விறகு சூடேறும்போது எரியக்கூடிய வாயுக்கள் அதிலிருந்து வெளிப்படுகின்றன. போதிய வெப்பமும் காற்றும் கிடைத்தால் அவை சுடராகின்றன, கிடைக்காவிட்டால் புகையாகின்றன. ஆகவே, புகை என்பது எரியாமல் தப்பிய விறகே. காசு கொடுத்து வாங்கிய விறகில் ஒரு பங்கு பாட்டியின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போய்ச் சேர்கிறது! விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றை எரிப்பதனால் வீடுகளில் உண்டாகும் காற்று மாசு, 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 லட்சம் உயிர்களைப் பறித்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

முன்னோர் முயற்சிகள்

ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியியல் அறிஞர் எஸ்.பி.ராஜு, புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பை வடிவமைத்தார். அதைப் பற்றிய அவரது ஆங்கில நூலை 1953இல் நம் சென்னையில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது என்பது நமக்குப் பெருமை. அந்த அடுப்பு புகையை வீட்டுக்கு வெளியே அனுப்பியது. 1980களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் லாரி வினியார்ஸ்கி என்பவர் வேறொரு வழியைக் கண்டார். புகையை வெளியே அனுப்புவதற்குப் பதிலாக அடுப்புக்குள்ளேயே எரித்துவிடுவது அவர் வழி. அதுவே ராக்கெட் அடுப்பு. பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். எண்ணெய் டின்னிலேயே செய்துவிடலாம்.

செய்முறை

தி.நகரிலிருந்து வரும் தோழி 10 செ.மீ. விட்டமுள்ள பால் பவுடர் டின்களைச் சேர்த்தாள். அடையாற்றுத் தோழி 15 கிலோ எண்ணெய் டின் ஒன்றைக் கொண்டுவந்தாள். மயிலாப்பூரில் தகர வேலை செய்யும் அண்ணன் ஒருவர் வெட்டித் தந்தார். தகர விளிம்பு கையைக் கிழிக்கும் ஆதலால், தங்கைகள் தாமாக வெட்ட முயல வேண்டாம்.

இரு பக்கமும் திறந்த சிறு டின்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, 30 செ.மீ. உயரமுள்ள குழாயாக்கினோம். அதன் அடியில் இன்னொரு டின்னைப் படுக்கையாகப் பொருத்தினோம். இதுவே விறகு வைக்கும் வாய். வாயின் நடுவே ஒரு தகரத் தட்டு. தட்டின்மேல் விறகு, தட்டின்கீழ்க் காற்று. இந்தக் குழாயைப் பெரிய டின்னுக்குள் நிறுத்தி, சுற்றியுள்ள இடைவெளியை நிரப்பினோம்.

பாத்திரத்துக்கும் குழாய்க்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடுவது? இங்கே கணிதம் கைகொடுத்தது. குழாயின் வழியே வரும் அனல் தடையின்றி வெளியேற வேண்டுமானால், குழாயின் பரப்பும் இடைவெளியின் பரப்பும் சமமாக இருக்க வேண்டும். கணக்கிட்டால், ஆரத்தில் பாதி என்று விடை வரும். ஆரம் 5 செ.மீ.; எனவே இடைவெளி 2.5 செ.மீ.

நாங்கள் செய்த பிழை

சுவர் கனமாக இருந்தால் சூடு வெளியேறாது என்று எண்ணி, முதலில் மணலை நிரப்பினோம். ஒரு கட்டு விறகும் தீர்ந்தது, தண்ணீரோ கொதிக்கவில்லை. புகைக்கும் குறைவில்லை. நாங்கள் முகம் வாடி அமர்ந்திருந்தபோது, ஆசிரியை டின்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நெருப்பு அணைந்து ஒரு மணி நேரம் ஆகியும் டின் சுட்டது! தண்ணீருக்குப் போக வேண்டிய வெப்பத்தை மணல் குடித்துவிட்டிருந்தது.

வெப்பத்தைக் காப்பது கனமன்று; அசையாமல் சிறைப்பட்ட காற்றே. கம்பளி நம்மைக் குளிரிலிருந்து காப்பதும் இப்படித்தான். ஆகவே மணலைக் கொட்டிவிட்டு, கல்யாணச் சமையல்காரர் ஒருவர் வீட்டு விறகடுப்புச் சாம்பலைச் சலித்து, உலர்த்தி நிரப்பினோம். இம்முறை குழாயின் உட்புறம் விரைவில் செந்நிறமாகக் கனன்றது; நெருப்பு ஓசையுடன் மேலே இழுத்தது; புகை மிகவும் குறைந்தது. தண்ணீர் கொதித்த பிறகும் கட்டில் விறகு மிஞ்சியது. நாங்கள் கைதட்டிய ஓசை கேட்டுச் சிஸ்டரே ஓடி வந்துவிட்டார்!

பாட்டி வைத்த தேர்வு

கண்காட்சி முடிந்ததும் அடுப்பைப் பாட்டியிடம் கொடுத்தோம். அவர் கடலை அவித்துப் பார்த்துவிட்டு, "புகை கம்மிதான் கண்ணு. ஆனா சுள்ளி சுள்ளியா ஒடிச்சுப் போட எனக்கு ஏது நேரம்?" என்றார். நாங்கள் வாயடைத்துப் போனோம். வாயின் அளவைப் பலமுறை அளந்த நாங்கள், பாட்டியின் நேரத்தை ஒருமுறையும் அளக்கவில்லை.

நம் நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தின்கீழ், 1980கள் முதல் 2002 வரை 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. சமைப்பவரைக் கேளாமல் செய்த அடுப்பு எவ்வளவு சிறந்ததானாலும் மூலையில்தான் கிடக்கும்.

எனவே சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுத் தென்னை மட்டைகளையும் சுள்ளிகளையும் ஒடித்துக் கட்டுக் கட்டிப் பாட்டியிடம் கொடுக்கிறோம். கனமான பானை சாயாதிருக்க, அடுப்பைச் சுற்றிச் செங்கல் அடுக்கினோம். மழையில் நனைந்த சாம்பல் பயன்படாது என்பதால் மேலே தகர மூடியும் போட்டோம். மெல்லிய டின்கள் நாளடைவில் அரித்துப்போகும். அதற்காக, களிமண்ணில் உமி கலந்து சுட்ட குழாயைச் செய்ய முயன்று வருகிறோம். உமி எரிந்த இடமெல்லாம் காற்றறையாகுமல்லவா?

ஓர் எச்சரிக்கை: கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு இந்த அடுப்பிலும் உண்டு. திறந்த வெளியில் மட்டுமே எரிக்க வேண்டும்.

பாட்டியின் இருமல் நின்றுவிட்டது என்று எழுத எங்களுக்கு ஆசைதான். ஆனால் அது உண்மையன்று. பெரிய பானைக்கு அவர் இன்னும் மூன்று கற்களைத்தான் கூட்டுகிறார். எங்கள் அடுப்பில் மாலைக் கடலை மட்டும் வேகிறது. அந்த ஒரு வேளையாவது அவர் முந்தானை தோளிலேயே இருக்கிறது. பெரிய பானைக்கேற்ற அடுப்பு அடுத்த ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தங்கைகளுக்கு நாங்கள் விட்டுச்செல்லும் வீட்டுப்பாடம். தொடங்குமுன் பாட்டியைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவியர் ஐவர்