டிக்ரி கையில், பாக்கி எங்கே? கோர்ட் அமீனாவைப் பற்றி வணிகர் அறிய வேண்டியவை

நம் சங்க உறுப்பினர் ஒருவர், மளிகை மொத்த வியாபாரி. சில்லறைக் கடைக்காரர் ஒருவர் வைத்த பாக்கிக்காக வழக்குப் போட்டு, டிக்ரியும் வாங்கிவிட்டார். ஓராண்டு கழித்து அமீனாவுடன் அந்தக் கடைக்குப் போனால், வேறு பெயரில் போர்டு தொங்குகிறது. உள்ளே இருப்பது மைத்துனரின் சரக்கு என்கிறார்கள். அமீனா அதை எழுதிக்கொண்டு திரும்பிவிட்டார். "கோர்ட் உத்தரவுக்கே இவ்வளவுதான் மரியாதையா?" என்று நம்மிடம் வருத்தப்பட்டார் உறுப்பினர். தவறில் பாதி அவருடையது என்று அன்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இங்கே சொல்லிவிடுகிறோம்.

டிக்ரி வந்தால் கோர்ட் தானாகவே பணம் வசூலித்துத் தரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. நாம்தான் நிறைவேற்று மனு போட வேண்டும். அமெரிக்காவில் இந்த உத்தரவுகளைப் பெரும்பாலும் ஷெரீப் அலுவலகம் நிறைவேற்றுகிறது. நம் ஊர் கோர்ட்டுகளில் அந்த வேலை அமீனாவுடையது. வாரண்டில் எழுதியதற்கு மேல் ஒரு தராசைக்கூட அவர் தொட முடியாது. வாரண்டில் என்ன எழுதப்படும் என்பது நம் மனுவைப் பொறுத்தது. கடனாளியின் வசம் இல்லாத அவருடைய அசையும் பொருளை ஜப்தி செய்யக் கேட்டால், அந்தப் பொருள்களின் பட்டியலை ஓரளவு சரியான விவரத்தோடு மனுவில் இணைக்க வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளை. "கடையில் உள்ள சாமான்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, பிறகு அமீனாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

மளிகைக்காரர்களுக்கு முக்கியமான ஒன்று: சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்கையும், காவலில் வைக்கும் செலவு அதன் விலையைத் தாண்டிவிடும் சரக்கையும் ஜப்தி செய்த அலுவலரே உடனே விற்கலாம். வெங்காயமும் தக்காளியும் ஏல நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தொடக்கூடாதவையும் உண்டு. உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத நகை ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. கணக்குப் புத்தகமும் அப்படியே. "நோட்டைத் தூக்கிவிட்டால் வழிக்கு வந்துவிடுவான்" என்று யோசனை சொல்லும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்குள் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் ஜப்திக்காக நுழையக்கூடாது. கடனாளி குடியிருக்கும் வீடாக இருந்து, அவர் உள்ளே விட மறுத்தால் மட்டுமே வெளிக்கதவை உடைக்கலாம்.

மைத்துனர் கதைக்கு வருவோம். சரக்கு தன்னுடையது என்று மூன்றாம் ஆள் உரிமை கோரினால், அதே நிறைவேற்று கோர்ட்டே விசாரித்து முடிவு சொல்லும். உரிமை கோருபவர் ரசீது காட்டட்டும். நாம் நம் பில்லைக் காட்டுவோம். இந்த நிலையே வராமல் தடுக்கவும் வழி உண்டு. வழக்கு நடக்கும்போதே பிரதிவாதி சரக்கை அப்புறப்படுத்துவதாகத் தெரிந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கலாம். ஆனால் வெறும் சந்தேகம் போதாது, ஆதாரம் வேண்டும்.

சொத்து எங்கே இருக்கிறது என்றே தெரியாவிட்டால், கடனாளியைச் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யச் சொல்லும்படி மனு செய்யலாம். அந்த உத்தரவை அவர் மீறினால் 3 மாதம் வரை சிவில் சிறைக்கு அனுப்பலாம். கைது என்ற மிரட்டலை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். பணம் இல்லாதவரை இல்லாமைக்காகவே சிறையில் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே சொல்லிவிட்டது. அனுப்பினாலும் அவருடைய சாப்பாட்டுப் படியை நாம்தான் கட்ட வேண்டும்!

டிக்ரியை நிறைவேற்றக் கெடு 12 ஆண்டு. அது நமக்குச் சாதகம் என்று தோன்றும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் கடனாளிக்கே சாதகம். நிறைவேற்று மனுக்களை 6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டு, 2025-இல் மீண்டும் வலியுறுத்தியது. மனுவே போடாதவருக்கு அந்த உத்தரவால் என்ன பயன்?

நம் கடைக்கே அமீனா வந்தால்? பதற வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். வாரண்டில் கோர்ட் முத்திரை, கையெழுத்து, எந்தத் தேதிக்குள் நிறைவேற்ற வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள். வெளியில் பேசி முடித்துப் பணம் கொடுத்தால், அதைக் கோர்ட்டில் பதிவு செய்ய மறக்காதீர்கள். பதிவாகாத தொகையை நிறைவேற்று கோர்ட் கணக்கில் எடுக்காது.

நம் உறுப்பினர் பழைய கோப்பைப் புரட்டியதில், அந்தக் கடைக்காரர் எப்போதோ கொடுத்த காசோலையின் நகல் கிடைத்தது. அதிலிருந்த வங்கிக் கணக்கை ஜப்தி செய்யக் கேட்டுப் புதிதாக மனு போட்டார். பாக்கியில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வந்திருக்கிறது. மீதிக்கு மனு நிலுவையில் உள்ளது.