ஹெரால்ட் தெருவில் இறங்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு பெயின்ட் வேலை முடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மகாபலிபுரம் கிளம்புகிறீர்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். மாலை போடுங்கள், டயருக்கு எலுமிச்சம்பழமும் வையுங்கள். மகாபலிபுரம் மட்டும் இப்போது வேண்டாம்.

பெருங்களத்தூர் தொழிற்சாலையில் இந்த வண்டி உருவாவதற்கு முன்பே, பிரிட்டனில் அதன் மூல வடிவமான டிரையம்ப் ஹெரால்ட் 1959-ல் விற்பனைக்கு வந்தது. அதற்கும் முன்பாக கம்பெனிக்காரர்கள் இரண்டு முன்மாதிரி வண்டிகளைக் கேப் டவுனிலிருந்து டான்ஜியர் வரை, ஆப்பிரிக்காவின் குறுக்கே சுமார் 16,000 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார்கள். எது கழலும், எது உடையும் என்று தெரிய வேண்டுமே! பிரித்துச் சேர்த்த வண்டிக்கும் அந்தச் சோதனை உண்டு, தூரம்தான் குறைவு. வீட்டைச் சுற்றி நாலைந்து கிலோமீட்டர், அதுவும் சாலை காலியாக இருக்கும் விடியற்காலையில். ரிப்பேர் வேலையின் கடைசிப் பகுதி அது, உல்லாசப் பயணமல்ல.

பிரேக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்றைய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனி வழிகளில் போகும். ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். ஹெரால்டில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே வழி. ஒரு வீல் சிலிண்டரில் வாஷர் கிழிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்காது. அப்போது கேபிளில் இயங்கும் ஹேண்ட்பிரேக்தான் துணை. அதனால் வண்டி நின்றபடி இருக்கும்போதே பிரேக் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கும்படி மெக்கானிக்கிடம் சொல். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கினால் அன்றைக்கு வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது. புதுசாக லைனிங் போட்ட டிரம் பிரேக் ஆரம்பத்தில் ஒரு பக்கமாக இழுக்கும்; அதைக் காலி ரோட்டில் மெதுவாகப் போகும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

டயர் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே. பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2314 என்றால் 2014-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. ஷெட்டிலேயே கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

இந்த வண்டியின் பானட் முன்பக்கமாகச் சாய்ந்து, மட்கார்டையும் சேர்த்துத் தூக்கிக்கொள்ளும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்! அந்த வசதியைப் பயன்படுத்தி, இன்ஜின் ஓடும்போதே பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் டார்ச் அடித்துப் பார். பங்கில் இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பரை அது அரித்துவிடும். கசிவு சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தீயணைப்பான் ஒன்றை டிக்கியில் போடாமல் சீட்டுப் பக்கம் வை.

ரீபோர் செய்த 948 சிசி இன்ஜினை டாப் கியரில் திணறவிடக் கூடாது. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவும் கூடாது. முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது, வண்டி நின்ற பிறகு போடு. திரும்பி வந்ததும் நன்றாக ஆறவிட்டு ஹெட் நட்டுகளையும் டேப்பட்டையும் சரிபார்க்கச் சொல். வீல் நட்டுகளும் முதல் ஓட்டத்தில் தளரும்.

வளைவு ஒன்றுதான் பாக்கி. பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். வேகமாகத் திரும்பும்போது பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் வெளிப்பக்கப் பின் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டியின் வால் வெளியே வீசும். பிற்பாடு வந்த கெஸல் காரில் ஸ்டாண்டர்ட் கம்பெனியே இந்த ஆக்சிலைக் கைவிட்டது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை.

2021 விதிப்படி வின்டேஜ் பதிவு, அதாவது 'விஏ' நம்பர், வாங்கும் யோசனை இருந்தால் இன்னொரு விஷயம். கட்டணம் 20,000 ரூபாய்; பத்து வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினம் ஆபீஸ் போக முடியாது. யோசித்து முடிவு செய். இன்ஷூரன்ஸ் புதுப்பித்தாயிற்றா என்று பதிலில் எழுது.

அன்புடன்,
பெரியப்பா