காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது எப்படி?



நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கல்வி உதவி, மருத்துவ உதவி கேட்டு வருவோரோடு, "ஸ்டேஷனில் ஒரு மனு கொடுக்க வேண்டும், எழுதித் தாருங்கள்" என்று கேட்டு வருவோரும் உண்டு. அவர்களில் பலர் காரியம் நடந்து நாள் கடந்த பிறகே வருகிறார்கள். வண்டி திருடு போய் ஒரு வாரம், வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்ப் பத்து நாள், மகள் மாமியார் வீட்டில் அடி வாங்கத் தொடங்கி ஆறு மாதம் என்று ஆகியிருக்கும். "ஸ்டேஷன் படி ஏறினால் குடும்பப் பெயர் என்னாவது?" என்ற தயக்கமே இந்தத் தாமதத்துக்குக் காரணம். அதற்கு நம் குடும்பங்கள் கொடுக்கும் விலை பெரிது. ஆகவே இம்மாதப் பாடமாக இதை எடுத்துக்கொள்கிறோம்.

நிலையத்தின் அன்றாடம்

கொலையும் கொள்ளையும்தான் காவல் நிலையத்தின் வேலை என்று நினைக்கிறோம். புறநகர் நிலையம் ஒன்றில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் வேறு விதமாகத் தெரியும். பைக் காணவில்லை, பள்ளிச் சான்றிதழ் தொலைந்துவிட்டது, டியூஷன் போன பிள்ளை வீடு திரும்பவில்லை, பக்கத்து வீட்டார் வாசலை மறித்து வண்டி நிறுத்துகிறார்கள், குடித்துவிட்டு வந்து கணவன் அடிக்கிறான், முனையில் விபத்து, பாஸ்போர்ட் விசாரணை என்று வருபவை எல்லாம் நம் வீடுகளில் நடப்பவைதான். அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களே. எனவே போவதில் குறை ஏதும் இல்லை. முறை தெரியாமல் போவதும், போகவேண்டிய நேரத்தில் போகாமல் இருப்பதும்தான் குறை.

அவசர அழைப்பு

உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து நடந்துகொண்டிருந்தால் நிலையத்துக்கு ஓட வேண்டாம். 112 அல்லது 100-ஐ அழையுங்கள். அழைப்பு கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அங்கிருந்து அருகில் உள்ள ரோந்து வாகனத்துக்குத் தகவல் சொல்லப்படும். பதற்றத்தில் நாம் முழுக்கதையும் சொல்லத் தொடங்குகிறோம். இடத்தைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். நம் புறநகர்ப் பகுதிகளில் ஒவ்வொரு நகரிலும் முதல் தெரு, இரண்டாவது குறுக்குத் தெரு உண்டு. ஆகவே ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, பள்ளிவாசல் என்று ஓர் அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு என்ன நடக்கிறது, யாருக்காவது காயமா, கையில் ஆயுதம் இருக்கிறதா என்று கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வாகனம் வரும்வரை போனை அணைத்து வைக்காதீர்கள்.

மனு எழுதும் முறை

எப்போது, எங்கே, யார், என்ன செய்தார், என்ன இழப்பு, யார் பார்த்தார்கள் ஆகிய ஆறும் இருந்தால் மனு முழுமையானது. நடந்த வரிசையில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். "இவன் எப்போதுமே இப்படித்தான்" போன்ற வசைகள் வேண்டாம். ஊகத்தை உண்மைபோல் எழுதவும் வேண்டாம். சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே எழுதுங்கள். நாளை நீதிமன்றத்தில் நம் சாட்சியம் நிற்கப்போவது இந்தக் காகிதத்தின் மேல்தான். மிகைப்படுத்திய ஒரு வரி மற்ற பத்து உண்மையான வரிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னாலும் அதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். மனுவின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு காகிதங்கள்

மனு கொடுத்ததும் தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். எனப்படும் ரசீது தருவார்கள். சமுதாயப் பணிப் பதிவேட்டில் நம் மனு ஏறிய எண் அதில் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் நிலையைப் பார்க்கலாம். ரசீது வாங்காமல் "சொல்லிவிட்டு வந்தோம்" என்று திரும்பினால், சொன்னதற்கு ஆதாரம் இல்லை.

ஆனால் சி.எஸ்.ஆர். என்பது முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். அல்ல. திருட்டு, கொடுங்காயம், பாலியல் குற்றம் போல் பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர். பதிவு செய்வது கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-ஆவது பிரிவு, எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு, வழக்குப் பதியும் முன் 14 நாட்களுக்குள் முதல்கட்ட விசாரணை செய்ய அதே பிரிவில் இடம் உண்டு. வண்டி திருட்டுக்குக் காப்பீடு கேட்கவும், விபத்தில் இழப்பீடு கேட்கவும் எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும். ஆகவே அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

"இது எங்கள் எல்லை இல்லை" என்ற பதிலுக்கும் அதே பிரிவில் தீர்வு இருக்கிறது. 2022 ஜனவரி 1 அன்று தாம்பரம், ஆவடி காவல் ஆணையரகங்கள் தொடங்கப்பட்டன. அதன் பிறகும் எந்தத் தெரு எந்த நிலையத்துக்கு உட்பட்டது என்பதில் சென்னைப் புறநகர்வாசிகள் பலருக்குக் குழப்பம் உண்டு. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்பதே சட்டம். இதை 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்பார்கள். பதிந்த பின் உரிய நிலையத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம். ஆனால் 3 நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். நிலையத்தில் பதிய மறுத்தால், மாவட்டமாக இருந்தால் எஸ்.பி.க்கும், ஆணையரகமாக இருந்தால் துணை ஆணையருக்கும் பதிவுத் தபாலில் மனுவை அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை அணுகலாம். வாக்குவாதம் செய்யத் தேவையில்லை. தபால் ரசீதைக் கோப்பில் வைத்தால் போதும்.

நேரம் தவறக்கூடாதவை

பணம் ஏமாந்தால் முதல் வேலை 1930-ஐ அழைப்பது. ஓ.டி.பி. சொல்லியோ, போலி இணைப்பைத் தொட்டோ பணம் போயிருந்தால், அது மோசடிக்காரரின் கணக்கிலிருந்து வேறு கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு. வெட்கப்பட்டு ஓர் இரவு காத்திருந்தால் பணம் பல கை மாறியிருக்கும். 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. வீடியோ அழைப்பில் சீருடையோடு தோன்றிப் பணம் அனுப்பச் சொல்பவர் காவலர் அல்லர். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தைக் கணக்கில் வைத்திருக்கும் பெற்றோருக்கு இதை வீட்டிலேயே சொல்லி வையுங்கள்.

செல்போன் தொலைந்தால் மனுவில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை எழுத வேண்டும். போன் கையில் இருக்கும்போதே *#06# அழுத்தினால் அந்த எண் தெரியும், குறித்து வையுங்கள். புகார் நகலும் அந்த எண்ணும் இருந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கலாம். பாஸ்போர்ட், சான்றிதழ் போன்ற ஆவணங்கள் தொலைந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே பதிவு செய்து அறிக்கை பெறலாம்.

பிள்ளையைக் காணவில்லை என்றால் "24 மணி நேரம் பார்ப்போம்" என்று காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. காணாமல்போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் எஃப்.ஐ.ஆர். ஆகப் பதிய வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சொந்தக்காரர் வீடுகளில் ஒருவர் தேடட்டும். அதே நேரத்தில் இன்னொருவர் அண்மைய புகைப்படத்தோடு நிலையத்துக்குப் போகட்டும்.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் கேஸில் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு உதவியவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்ல அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 108-ஐ அழையுங்கள்.

மூடி மறைக்கக் கூடாதவை

இந்தப் பாடத்தின் முக்கியப் பகுதி இது. கணவன் மனைவிக்குள் மனத்தாங்கல் வந்தால் இரு வீட்டுப் பெரியவர்களும் ஜமாஅத்தாரும் உட்கார்ந்து பேசுவது நல்ல வழக்கம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடி உதை, வரதட்சணைக் கொடுமை, உயிர் மிரட்டல் என்று ஆன பிறகு சமாதானம் பேசி அதே வீட்டுக்குப் பெண்ணைத் திருப்பி அனுப்புவது பெரிய அநியாயத்தில் முடியலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், அனைத்து மகளிர் காவல் நிலையமும், மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரும் இதற்காகவே இருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், கணவனுடன் வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையையும் பாதுகாப்பு உத்தரவையும் நீதிமன்றத்தில் கேட்டுப் பெறலாம்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தில் ஜமாஅத் சமாதானத்துக்கு இடமே இல்லை. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி, விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. குற்றம் செய்தவர் உறவினரானாலும், ஓதிக் கொடுப்பவரானாலும், ஊர்ப் பெரியவரானாலும் இதில் மாற்றம் இல்லை. "பிள்ளையின் எதிர்காலம் என்னாகும்" என்று பெற்றோர் அஞ்சுவது நமக்குப் புரிகிறது. சட்டமும் அதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். பதியும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. இயன்றவரை பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். இரவில் குழந்தையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயரை வெளியிடக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

சாட்சி விசாரணை என்று கூப்பிட்டால் பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட, 60 வயதைக் கடந்த ஆண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச் சொல்லக் கூடாது என்பதும் சட்டமே. இதை மரியாதையோடு எடுத்துச் சொல்லலாம்.

நிலையம் தீர்க்க முடியாதவை

கைமாற்றுக் கடன், பாகப்பிரிவினை, வாடகை பாக்கி ஆகியவை உரிமையியல் விவகாரங்கள். "போலீஸை வைத்துப் பணத்தை வாங்கித் தாருங்கள்" என்று கேட்பது முறையல்ல. தீர்ப்பு சொல்லும் அதிகாரம் காவலருக்கு இல்லை. இவற்றுக்கு நீதிமன்ற வளாகங்களில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அதற்கான உதவி எண் 15100. பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். அவர்களுக்கான உதவி எண் 14567. கடன் கொடுக்கும்போதே எழுதி, சாட்சி வைக்க வேண்டும் என்பது நாம் மதரஸாவிலேயே ஓதிய பாடம். அதைச் செய்தாலே பாதித் தகராறு வராது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. 112, 1930, 108, 181, 1098 ஆகிய எண்களை வீட்டார் அனைவரின் போனிலும் பதியுங்கள்.
2. நம் தெரு எந்தக் காவல் நிலையத்தைச் சேர்ந்தது என்று தெரிந்து, அதன் தொலைபேசி எண்ணையும் குறித்து வையுங்கள்.
3. ஐ.எம்.இ.ஐ. எண்கள், வண்டியின் ஆர்.சி., காப்பீட்டு நகல்களை ஒரே கோப்பில் வையுங்கள்.
4. பாஸ்போர்ட் விசாரணைக்குக் காவலர் வந்தால் அசல் ஆவணங்களைக் காட்டுங்கள். இதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை.

மனு எழுதத் தெரியாதவர்கள், தனியே போகத் தயங்கும் சகோதரிகள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். எழுதித் தரவும் துணைக்கு ஒருவரை அனுப்பவும் ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ். காரியம் நடந்த அன்றே வாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். அல்லாஹ் நம் குடும்பங்கள் அனைத்தையும் பாதுகாப்பானாக. ஆமீன்.