சம்பளத்தன்று வரிசையில் நின்றது

அன்பு மகளுக்கு,

தீபாவளிக்கு வந்தபோது நீளக்கைச் சட்டை போட்டிருந்தாய். கேட்டால் குளிர் என்றாய். நுவரெலியாவில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஹட்டன் குளிர் ஒரு குளிரா? உன் மாமியார் பக்கத்தில் இருந்ததால் மேலே கேட்காமல் விட்டேன். அது என் தப்பு.

"விட்டுட்டு வர தைரியம் இல்ல பெரியம்மா" என்று போனில் அழுதாயே, அது மனசைவிட்டுப் போகவே இல்லை.

உன் பெரியப்பாவோடு நான் 11 வருசம் இருந்தேன். லயத்தில் ஒரு காம்பராவில் அடி விழுந்தால் வரிசை முழுக்கக் கேட்கும். ஆனால் விடிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். பட்டுக்கொண்டு கிடப்பதுதான் முறை போல என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

1984இல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று ஆனது. கொழுந்து எடுத்தது நான், ஆபீசில் காசை வாங்கியது அவர். அப்போது பல வீட்டில் அப்படித்தான். ஒரு சம்பளத்தன்று நானே போய் வரிசையில் நின்றேன். கால் நடுங்கியது. அன்று இரவும் அடிதான், ஆனால் காசு என் முந்தானையில் முடிந்திருந்தது. தைரியம் அதற்குப் பிறகுதான் வந்தது மகள், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. வெளியேற இன்னும் இரண்டு வருசம் பிடித்தது.

குடிக்காத நாளில் உன் புருசன் நல்லவன் என்கிறாய். குடித்துவிட்டுக் கங்காணியை ஒருநாளாவது அடித்திருக்கிறானா?

எனக்கு அப்போது இல்லாத சட்டம் உனக்கு இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அடிப்பது மட்டுமில்லை, மனசை வதைப்பதும் அதில் வரும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அதற்காக விவாகரத்து வாங்கவேண்டும் என்றில்லை. காம்பரா அவன் பேரில் இருக்கிறதே என்று பயப்படுகிறாய். நீங்கள் சேர்ந்திருக்கும் வீட்டுக்குள்ளேயே அவன் வரக்கூடாது என்று அந்தக் கட்டளையில் போடமுடியும், 12 மாதம் வரைக்கும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. உன் போனிலிருந்து எடுக்காதே, அவன் பார்ப்பான்.

போகப்போகிறேன் என்று கோபத்தில்கூட அவனிடம் சொல்லிவிடாதே. நான் சொன்னேன். என் இடது கை இன்னும் நேராக நீளாததற்கு அந்த இரவுதான் காரணம்.

இதைத் தபாலில் போடாமல் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். வாசித்ததும் அடுப்பில் போடு. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, வங்கிப் புத்தகம், ஈ.பி.எஃப். தாள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவரிடம் கொடு, என்னிடம் வந்து சேரும். அடையாள அட்டை மட்டும் உன்னிடமே இருக்கட்டும். என் வீட்டுச் சாவியொன்றும் அவரிடம் இருக்கிறது. நடுராத்திரியானாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா.

உன் பெரியம்மா